மண்சூடு சொல்லும் நாள்

அமெரிக்காவில் வீடுகளைச் சுற்றி வளர்க்கும் புல்தரை, பூங்கா, கோல்ஃப் மைதானம், விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர் வரும். நாசா ஆய்வு மையத்தில் பணியாற்றிய கிறிஸ்டினா மிலேசியும் அவருடைய குழுவினரும் செயற்கைக்கோள் படங்களையும் வான்வழிப் படங்களையும் கொண்டு 2005ல் வெளியிட்ட மதிப்பீடு இது. தமிழ்நாடு முழுவதையும் அளந்தாலும் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். ஒரு பெரிய மாநிலத்தை மிஞ்சிய இந்தப் பரப்பில் பெரும்பங்கு, வேளாண்மை படிக்காத சாதாரண வீட்டுக்காரர்களின் பொறுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்கள் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: களைக்கொல்லியை எந்த வாரத்தில் தூவுவது?

எந்த மருந்து என்பதைவிட எந்த வாரம் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. நல்ல மருந்தை மூன்று வாரம் தாமதமாகப் போட்டவர் பணத்தையும் இழப்பார், புல்தரையையும் இழப்பார். சுமாரான மருந்தைச் சரியான வாரத்தில் போட்டவர் கோடை முழுக்க நிம்மதியாக இருப்பார். இதன் பின்னால் விதையின் உறக்கம், மண்ணின் வெப்பம், வேர்நுனியில் நடக்கும் செல்பிரிவு ஆகிய மூன்றும் சேர்ந்த அழகான உயிரியல் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் மருந்துப் பையில் அச்சடித்திருக்கும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

வட அமெரிக்கப் புல்தரைகளின் முதல் எதிரி கிராப்கிராஸ். டிஜிடேரியா பேரினத்தைச் சேர்ந்த ஒருபருவப் புல் இது. ஐரோப்பா, ஆசியாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. வசந்தத்தில் முளைக்கும். கோடையில் தரையோடு படர்ந்து, மண்ணைத் தொடும் கணுக்களில் வேர்விடும். இலையுதிர் காலத்தின் முதல் கடும் உறைபனியில் செத்துப்போகும். அதற்குள் ஒரு தனிச்செடி பல்லாயிரம் விதைகளை உதிர்த்துவிட்டிருக்கும்.

வடக்கு மாநிலங்களில் புல்தரைக்கென்று வளர்க்கும் கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்கியூ போன்றவை குளிர் விரும்பும் புற்கள். ஜூலை வெயிலில் அவை சோர்ந்து நிற்கும். கிராப்கிராஸோ கரும்பும் மக்காச்சோளமும் கையாளும் அதே ஒளிச்சேர்க்கை முறையைக் கையாள்கிறது. வெயில் ஏற ஏற அதற்கு வேகம் கூடும். நட்ட புல் தளரும் நேரமும் களை தழைக்கும் நேரமும் ஒன்றாகிவிடுவதால், ஜூலையில் களையோடு மல்லுக்கட்டுவது மிகக் கடினம். அதனால்தான் அது முளைத்து மேலே வருவதற்கு முன்பே தடுக்க வேண்டியிருக்கிறது.

உறங்கும் விதை

செப்டம்பரில் உதிர்ந்த கிராப்கிராஸ் விதை, மண்ணில் ஈரமும் சூடும் இருந்தாலும் உடனே முளைப்பதில்லை. முளைத்தால் அடுத்த மாதமே உறைபனியில் மடிய வேண்டியதுதான். அதனால் அந்த விதை உறக்கநிலையிலேயே உதிர்கிறது. குளிர்காலம் முழுவதும் ஈரமண்ணில் குளிர்ந்து கிடந்தால்தான் அந்த உறக்கம் கலையும். குளிர் கழிந்து, மேல்மண் மறுபடி சூடேறும்போதுதான் முளைக்கத் தயாராகும். குளிரைக் கடந்துவிட்டோம் என்ற செய்தி கிடைத்த பிறகே அது புறப்படுகிறது.

எல்லா விதைகளும் ஒரே ஆண்டில் புறப்படுவதும் இல்லை. ஒரு பகுதி முளைக்கும். மீதி அடுத்த ஆண்டுக்காக, அதற்கும் அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்கும். மண்ணுக்குள் தங்கியிருக்கும் இந்தச் சேமிப்பை விதைவங்கி என்கிறார்கள். சில களைவிதைகளின் பொறுமைக்கு எல்லையே இல்லை. 1879ல் மிச்சிகன் வேளாண் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் பீல், 21 வகைச் செடிகளின் விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் அடைத்துக் கல்லூரி வளாகத்தில் புதைத்தார். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புட்டியைத் தோண்டி எடுத்து, எவை முளைக்கின்றன என்று பார்ப்பது திட்டம். அவர் மறைந்த பிறகும் தலைமுறை தலைமுறையாக அந்தச் சோதனை தொடர்கிறது. 2021ல் எடுத்த புட்டியில், ஏறத்தாழ 142 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்த, வெர்பாஸ்கம் என்ற களைச்செடியின் விதைகள் முளைத்தன. கிராப்கிராஸ் விதைக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது, சில ஆண்டுகள்தான். ஆனால் அந்தச் சில ஆண்டுகளே, ஒரே ஒரு தடவை மருந்து போட்டுக் களையை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கையைப் பொய்யாக்கப் போதும்.

பீல் சோதனையின் புட்டிகளை இரவில்தான் தோண்டுவார்கள். பல விதைகளுக்கு ஒளியும் ஒரு சாவி என்பதால் இந்த எச்சரிக்கை. மேரிலாந்தில் உள்ள பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் ஹாரி பார்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் 1952ல் இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார்கள். லெட்யூஸ் விதைமீது சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் முளைத்தது. அடுத்து, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் முளைப்பது நின்றது. மறுபடி சிவப்பு, மறுபடி முளைப்பு. விதைக்குள் இருக்கும் ஃபைட்டோக்ரோம் என்ற நிறமிதான் இந்த இரண்டையும் பிரித்தறிகிறது. பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுகின்றன. ஆகவே அடர்ந்த புல்லின் நிழலில் கிடக்கும் விதைக்கு, மேலே இடமில்லை என்ற செய்தி போய்ச் சேர்கிறது. புல் தேய்ந்து மண் தெரியும் இடத்தில் சிவப்பு ஒளியும் படும், வெயிலின் சூடும் நேரே இறங்கும். களை எப்போதும் வழுக்கை விழுந்த இடத்தில் முதலில் தலைகாட்டுவது இதனால்தான்.

மருந்து செய்யும் வேலை

முளைக்கும் முன் போடும் களைக்கொல்லி விதையைக் கொல்வதில்லை. உறங்கும் விதையை அது தொடுவதே இல்லை. விதை ஈரத்தை உறிஞ்சி, உறை பிளந்து, முதல் வேரை நீட்டும்வரை எல்லாம் இயல்பாகவே நடக்கும். அந்த இளவேரும் தளிரும் மருந்து கலந்த மேல்மண்ணைக் கடக்கும்போதுதான் சிக்கிக்கொள்கின்றன.

பெண்டிமெத்தலின், புரோடயமின் போன்ற டைநைட்ரோஅனிலின் வகை மருந்துகள் புல்தரைகளில் பரவலாகப் பயன்படுகின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்குழல்கள் வேண்டும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, டியூபுலின் என்ற புரதத் துண்டுகளை அடுக்கி அடுக்கிச் செல் இந்தக் குழல்களைக் கட்டுகிறது. வேலை முடிந்ததும் பிரித்துப் போடுகிறது. களைக்கொல்லி டியூபுலினோடு ஒட்டிக்கொண்டால் சாரம் எழும்பாது. குரோமோசோம்கள் இரட்டித்தும் பிரிய முடியாமல் அப்படியே நின்றுவிடும். ஓயாமல் செல்பிரிவு நடக்கும் வேர்நுனி நீளாமல் வீங்கி, தடித்த முண்டாகிவிடும். நீரைத் தேடிப் போக வேரில்லாத நாற்று, மண்ணுக்கு மேலே வருவதற்கு முன்பே பட்டுப்போகும். இந்த மருந்துகள் தாவரத்தின் டியூபுலினோடு நன்றாக ஒட்டுகின்றன. விலங்குகளின் டியூபுலினோடு அப்படி ஒட்டுவதில்லை.

வளர்ந்து நிற்கும் புல்தரை ஏன் சாவதில்லை என்ற கேள்வி எழலாம். அதன் வேர்களில் பெரும்பகுதி மருந்துப் படலத்துக்குக் கீழே ஆழத்தில் இருக்கிறது. இந்த மருந்துகள் நீரில் கரைவது மிக அரிது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் பெண்டிமெத்தலின்கூடக் கரையாது. மண்ணின் மக்குப்பொருளோடு இறுக ஒட்டிக்கொண்டு, மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே தங்கிவிடும். கிராப்கிராஸ் விதைகளில் பெரும்பாலானவை முளைப்பதும் அந்த ஆழத்தில்தான். மருந்து தங்கும் இடமும் களை பிறக்கும் இடமும் ஒன்றாக அமைவதுதான் இந்த முறையின் பலம். ஆனால் புதிதாகப் பதித்த புல்பத்தைகளுக்கு இன்னும் ஆழமான வேர் கிடையாது; வேர்பிடிக்கும்வரை அவற்றின்மேல் இதைப் போடக் கூடாது.

மருந்துக்கும் ஆயுள் உண்டு. பெண்டிமெத்தலின் இரண்டு மூன்று மாதம் காவல் காக்கும். புரோடயமின் நான்கு மாதத்துக்கு மேலும் நிற்கும். மண்ணின் நுண்ணுயிரிகள் அதைத் தின்று சிதைக்கின்றன. மண் சூடேற ஏற அந்தச் சிதைவும் வேகமாகும். மிகவும் முந்திப் போட்டால், களை கடைசிவரை முளைத்துக்கொண்டிருக்கும்போதே மருந்து தீர்ந்துவிடும். பிந்திப் போட்டாலோ முதல் அலை முளைத்து வேர்பிடித்துவிட்டிருக்கும். வேர்பிடித்த செடியை இந்த மருந்துகள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. டைதயோபிர் என்ற மருந்து மட்டும் ஓரளவு விதிவிலக்கு. தூர்கட்டத் தொடங்காத சின்னஞ்சிறு கிராப்கிராஸை அது கொல்லும் என்பதால், சற்றுத் தாமதித்தவர்களுக்கு அது கைகொடுக்கும்.

நாளைக் குறிப்பது எப்படி

மேல்மண்ணின் வெப்பம் 55 பாரன்ஹீட்டைத் தொட்டு, அதாவது ஏறக்குறைய 13 செல்சியஸை எட்டி, சில நாட்கள் தொடர்ந்து அங்கேயே நின்றால் கிராப்கிராஸ் முளைக்கத் தொடங்கும். 60 முதல் 70 பாரன்ஹீட்டுக்குள் பெருவாரியாக முளைக்கும். அதற்குப் பிறகும் கோடையின் நடுவரை சிறு சிறு அலைகளாக வந்துகொண்டே இருக்கும். ஆகவே மண் 50 பாரன்ஹீட்டைத் தாண்டி 55ஐ நோக்கி ஏறும் வாரத்தில் மருந்து மண்ணில் இருக்க வேண்டும்.

அந்த வாரம் ஊருக்கு ஊர் மாறும். ஜார்ஜியாவில் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் பாதி. நியூஜெர்சி, மேரிலாந்துப் பக்கம் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை. மிச்சிகனில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே தொடக்கம் வரை. ஒரே ஊரிலும் ஆண்டுக்கு ஆண்டு இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம். ஒரே வீட்டிலும் மாறும்: தெற்கு நோக்கிய சரிவும் சிமெண்ட் நடைபாதையின் ஓரமும் முதலில் சூடேறும், மரநிழலும் வடக்குப் பக்கமும் பின்தங்கும். முதல் கிராப்கிராஸைக் காண விரும்புகிறவர் நடைபாதை ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மிக நேரான வழி, மண்ணில் குத்தும் வெப்பமானி. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவைத்தால் போதும். பிற்பகலில் மட்டும் பார்த்தால் வெயில் ஏமாற்றும். பிப்ரவரியில் இரண்டு நாள் வெதுவெதுப்பாக இருந்ததற்காக அவசரப்படவும் வேண்டாம். காற்று ஒரே நாளில் சூடாகும், மண் அப்படி ஆகாது.

இரண்டாவது வழி பூக்களைப் பார்ப்பது. ஃபோர்சித்தியா என்ற புதர்ச்செடி இலை விடுவதற்கு முன்பே மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். அது முழுதும் பூத்து உதிரத் தொடங்கும் நேரத்தில் மருந்து போட வேண்டும் என்பது அங்கே தலைமுறையாகச் சொல்லப்படும் விதி. காலமும் வெப்பமும் உயிர்களில் விடும் சுவடுகளைக் கவனிக்கும் நல்ல பழக்கம் அது. இருந்தாலும் மொட்டுகள் காற்றின் சூட்டைக் கேட்கின்றன, விதை மண்ணின் சூட்டைக் கேட்கிறது. திடீர் வெப்ப அலை வந்த ஆண்டில் பூ முந்திக்கொள்ளும். அதனால் ஃபோர்சித்தியாவை முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு, வெப்பமானியை முடிவாக எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழி வெப்பநாள் கணக்கு. செடிகளின் வளர்ச்சி நாட்களின் எண்ணிக்கையைச் சார்ந்ததல்ல, சேர்ந்த வெப்பத்தைச் சார்ந்தது என்று பிரெஞ்சு அறிவியலாளர் ரேமூர் 1735லேயே சொன்னார். கணக்கு எளிது. ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். அதிலிருந்து ஓர் அடிப்படை வெப்பத்தைக் கழிக்க வேண்டும். அடிப்படை 10 செல்சியஸ் என்று வைப்போம். பகலில் 18, இரவில் 8 என்றால் சராசரி 13. அந்த நாளின் கணக்கு 3. சராசரி 10க்குக் கீழே போன நாளுக்குப் பூஜ்யம். இப்படி நாளுக்கு நாள் சேரும் தொகை குறிப்பிட்ட அளவைத் தொடும்போது களை முளைக்கும் பருவம் வந்துவிட்டதென்று பொருள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வானிலை நிலையங்களின் தரவைக் கொண்டு இந்தக் கணக்கைப் போட்டு, புல்தரைக்காரர்களுக்கு அந்தந்த ஊருக்கான காலத்தைச் சொல்லிவருகிறது.

முளைக்கும் காலம் மூன்று மாதத்துக்கு மேல் நீள்வதால், மருந்தை இரண்டு தவணையாகப் போடுவதும் உண்டு. பாதி அளவு முதல் வாரத்தில். மீதிப் பாதி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து. முதல் தவணை தேயும் நேரத்தில் இரண்டாவது தோள்கொடுக்கும். வசந்தம் முந்துமா பிந்துமா என்று கணிக்க முடியாத ஊர்களுக்கு இது ஒரு காப்பீடு. இரண்டு தவணையும் சேர்ந்து, அந்தப் புல்வகைக்கு ஓராண்டில் அனுமதித்த மொத்த அளவைத் தாண்டக் கூடாது.

தூவுவதும் நனைப்பதும்

முதல் வேலை அளப்பது. கால் ஏக்கர் மனை என்றால் 10,890 சதுர அடி. அதில் வீடு, கார் நிற்கும் தளம், பூப்பாத்தி எல்லாம் போக மிஞ்சுவதுதான் புல்தரை. மனையின் பரப்பை அப்படியே கணக்கில் எடுத்து மருந்து வாங்கிப் போடுகிறவர், தேவைக்கு இருமடங்கைப் புல்லின் தலையில் கொட்டிவிடுவார். நடந்து அளந்தாலும் போதும். ஆனால் அளக்க வேண்டும்.

பெரும்பாலான வீட்டுக்காரர்கள் குருணை மருந்தைத் தள்ளுவண்டி போன்ற தூவும் கருவியால் போடுகிறார்கள். கணக்கிட்ட அளவில் பாதியை வடக்கு தெற்காகவும், மீதிப் பாதியைக் கிழக்கு மேற்காகவும் போட்டால் விடுபட்ட பட்டைகள் நிரம்பிவிடும். விடுபட்ட இடம் ஒவ்வொன்றும் ஜூலையில் பச்சைக் கோடாக எழுந்து நின்று காட்டிக்கொடுக்கும். கரைத்துத் தெளிக்கும் மருந்து சீராகப் பரவும். ஆனால் நடக்கும் வேகமும் பம்பின் அழுத்தமும் மாறாமல் இருக்க வேண்டும். அதற்கு முன்னதாக வெறும் தண்ணீரை நிரப்பி, ஆயிரம் சதுர அடிக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இலைமேலும் காய்ந்த சருகின்மேலும் கிடக்கும் மருந்து வேலை செய்யாது. அரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் அளவுக்கு நீர் இறங்கினால்தான் அது மண்ணுக்குள் போய்ப் படலமாக அமையும். பெண்டிமெத்தலின் போன்றவை வெயிலில் கிடந்தால் ஆவியாகியும் ஒளியில் சிதைந்தும் வீணாகும். ஆகவே போட்ட சில நாட்களுக்குள் நனைத்துவிட வேண்டும். 5,000 சதுர அடிக்கு அரை அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 5,900 லிட்டர். அவ்வளவு நீரைக் குழாயிலிருந்து எடுப்பதைவிட, வானிலை அறிக்கையைப் பார்த்து மிதமான மழைக்கு முந்தைய நாள் போடுவது புத்திசாலித்தனம். கொட்டும் மழைக்கு முன் போட்டால் மருந்து தெருவுக்கும் கால்வாய்க்கும் ஓடிவிடும்.

நம் ஊர் விவசாயிக்கு இவை எதுவும் புதிதல்ல. நிலக்கடலை விதைத்த மூன்றாம் நாளுக்குள் பெண்டிமெத்தலின் தெளித்து ஈரம் காட்டுவது இங்கே பழகிய வேலை. நட்ட நெல்வயலில் மூன்றாம் நாள் பூட்டாக்ளோர் போன்ற மருந்தை உலர்ந்த மணலில் கலந்து, மெல்லிய நீர்ப்படலத்தின்மேல் வீசுவார்கள். அமெரிக்கக் கடையில் பையாக விற்கும் குருணையும் நம் வயலின் மணல் கலவையும் செய்யும் காரியம் ஒன்றே: கொஞ்ச மருந்தைப் பெரும்பரப்பில் சீராகப் பரப்புவது. வேறுபாடு விதையை எழுப்பும் சாவியில் இருக்கிறது. குளிர்நாட்டில் விதை சூட்டுக்காகக் காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் சூட்டுக்குப் பஞ்சமில்லை, அது பெரும்பாலும் ஈரத்துக்காகக் காத்திருக்கிறது. அங்கே வெப்பமானி சொல்லும் நாளை இங்கே முதல் மழையோ முதல் பாசனமோ சொல்கிறது.

எதைத் தடுக்காது

விதையிலிருந்து புதிதாக வரும் செடியைத்தான் இந்த முறை தடுக்கும். மண்ணுக்கடியில் கிழங்கோ பழைய வேரோ வைத்திருக்கும் களைகளுக்கு முன்னால் இவ்வகை மருந்துகள் பெரும்பாலும் பயனற்றவை. உலகின் மிக மோசமான களைகள் என்று 1977ல் ஹோல்ம் முதலான களை ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியலில் முதலிடம் நமக்கு நன்றாகத் தெரிந்த கோரைக்கு. கோரைக்கிழங்கில் சேர்ந்த மாவுச்சத்து இந்தப் படலத்தைத் தாண்டி முளையை உந்தித் தள்ளிவிடும். அதே பட்டியலில் இரண்டாமிடம் அருகம்புல்லுக்கு. பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகுதான் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெர்முடா என்ற பெயரில் புல்தரைகளை மூடியிருக்கிறது. ஒரு தோட்டத்தின் களை இன்னொரு தோட்டத்தின் பயிர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மருந்துக்கும் அந்தப் பாகுபாடு தெரியாது. கிராப்கிராஸின் நாற்றைக் கொல்லும் மருந்து, நாம் காசு கொடுத்து வாங்கி விதைக்கும் புல்லின் நாற்றையும் கொல்லும். வசந்தத்தில் மருந்து போட்டவர் அதன் வீரியம் தீரும்வரை, மருந்தைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு மாதமோ அதற்கு மேலுமோ, புல்விதை தூவக் கூடாது. புதிதாக விதைக்கும்போதே போடத்தக்க மருந்துகளும் சில உண்டு. அவற்றில் ஒன்றான மெசோட்ரியோனின் மூலம் சுவையானது. 1977ல் கலிபோர்னியாவில் பாட்டில்பிரஷ் செடியின் அடியில் மட்டும் களைகள் குறைவாக இருப்பதை ஓர் ஆய்வாளர் கவனித்தார். அந்தச் செடி சுரக்கும் ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்து, அதை முன்மாதிரியாகக் கொண்டுதான் இந்த மருந்து வகை உருவாக்கப்பட்டது.

குளிர்காலக் களைகளுக்கு வேறொரு நாள் உண்டு. போவா அன்னுவா என்ற ஒருபருவப் புல், கோடை தணிந்து மண் 70 பாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 21 செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது முளைத்து, குளிர்காலம் முழுக்க வாழ்ந்து, அடுத்த வசந்தத்தில் விதைத்துவிட்டு மடியும். வசந்தத்தில் போட்ட மருந்து அதைத் தொடாது. ஆகஸ்ட் கடைசி முதல் இலையுதிர் காலத் தொடக்கம்வரை, ஊரைப் பொறுத்து, அதற்கென்று தனியாகப் போட வேண்டும். அங்கே மண் ஏறும் நாளைப் பார்ப்பதில்லை, இறங்கும் நாளைப் பார்க்கிறார்கள்.

களை கற்கும் பாடம்

ஒரே மருந்தை ஆண்டுதோறும் போட்டால் களை அதற்குப் பழகிவிடுமா? தனிச்செடி பழகாது; ஆனால் கூட்டம் மாறிவிடும். நம் கேழ்வரகின் நெருங்கிய உறவான எலுசின் இண்டிகா என்ற களை, தென் கரோலினாவின் பருத்தி வயல்களில் டைநைட்ரோஅனிலின் மருந்தான டிரைஃப்ளூரலினுக்கு அசையாமல் நின்றது. இதை 1984ல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். 1998ல் காரணம் தெரிந்தது. டியூபுலின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. திரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின் வந்துவிட்டதால் மருந்து ஒட்டவில்லை. நுண்குழல்கள் வழக்கம்போல எழும்பின. மருந்து மற்றச் செடிகளையெல்லாம் அழித்து, இந்த மாற்றம் கொண்டவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. செயல்படும் விதம் வேறான மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். பெயரும் நிறுவனமும் மாறினால் போதாது. மருந்து தாக்கும் இலக்கு மாற வேண்டும்.

மனிதர்களுக்கும் நீர்நிலைகளுக்கும் செய்ய வேண்டிய கடமையும் உண்டு. இவ்வகை மருந்துகளில் பல மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கொடியவை. நடைபாதையிலும் தெருவிலும் சிதறிய குருணையைக் கூட்டிப் புல்தரைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த மழையில் அது மழைநீர்க் குழாய் வழியே ஆற்றுக்குப் போகும். கையுறை, மூடிய காலணி, குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் தரை நனைந்து உலரும்வரை உள்ளே வைத்திருப்பது எல்லாம் கட்டாயம். அமெரிக்கச் சட்டப்படி மருந்துப் பையின் விவரச்சீட்டு வெறும் ஆலோசனை கிடையாது. அதை மீறிப் பயன்படுத்துவது குற்றம்.

பாதுகாப்பானது என்று ஒரு காலம் சொல்வதை இன்னொரு காலம் திருத்தவும் கூடும். டிசிபிஏ என்ற களைக்கொல்லி 1950களின் இறுதியிலிருந்து புழக்கத்தில் இருந்தது. கிராப்கிராஸுக்கு எதிராகப் புல்தரைகளிலும் போடப்பட்டது. கருவிலுள்ள குழந்தையின் தைராய்டு சுரப்பைப் பாதிக்கும் என்று கண்டறிந்து, 2024 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை அவசரமாக நிறுத்திவைத்தது. கனடாவில் விவாதம் இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கியூபெக் மாநிலத்தின் ஹட்சன் என்ற சிற்றூர் 1991ல் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி போடுவதைக் கட்டுப்படுத்தியது. அந்த உரிமையை 2001ல் கனடா உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2009 முதல் ஒன்டாரியோவில் வீட்டுப் புல்தரைகளில் இத்தகைய மருந்துகளுக்குத் தடை. டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் வீடும் புல்தரையுமாக வாழும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு மேலே சொன்ன மருந்துகள் பொருந்தா.

அவர்களுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட ஒரு பொருள், மக்காச்சோள மாவு ஆலையின் உபபொருளான கார்ன் குளூட்டன். அதில் உள்ள சிறு புரதத் துண்டுகள் நாற்றின் வேரைத் தடுக்கின்றன என்பதை அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிக் கிறிஸ்டியன்ஸ் 1980களில் வேறொரு சோதனையின்போது எதிர்பாராமல் கண்டார். ஆயிரம் சதுர அடிக்கு 20 பவுண்டு, அதாவது 9 கிலோவரை போட வேண்டும். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன் என்பதால் உரமாகவும் உதவும். ஆனால் இதற்கும் நாள் தவறக் கூடாது. வேர் வெளிவந்த பிறகு சில நாள் மண் காய வேண்டும். அந்த நேரத்தில் மழை நீடித்தால் வேரிழந்த நாற்று பிழைத்துக்கொள்ளும், குளூட்டன் களைக்கே உரமாகிவிடும். மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் இதன் பலன் சீராக இல்லை.

அடர்த்தியே முதல் மருந்து

எந்த மருந்தும் இல்லாமல் கிராப்கிராஸைக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது: புல்லை உயரமாக வெட்டுவது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டால் ஃபெஸ்கியூ புல்லை வைத்துச் செய்து 1993ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றரை அங்குல உயரத்தில் வெட்டிய தரையில் கிராப்கிராஸ் வெகுவாகக் குறைந்தது. உயர்ந்த புல் நிழல் தருகிறது. நிழல் மண்ணின் சூட்டைக் குறைக்கிறது. இலை வடிகட்டிய ஒளி விதைக்கு உறக்கத்தைத் தொடரச் சொல்கிறது. தப்பி முளைத்த நாற்றும் வெளிச்சமில்லாமல் மெலிகிறது. மண்சூடு, ஒளி, இடம் ஆகிய மூன்று சாவிகளையும் ஒரே செயலில் விதையிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை எளியவை. தினமும் மேலாகத் தெளிக்காமல், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை ஆழமாக நீர் விட வேண்டும். மேல்மண் இடையில் காய்ந்தால் ஆழமான வேருள்ள புல் தாங்கும், களைநாற்று தாங்காது. குளிர் விரும்பும் புல்லுக்கு உரத்தின் பெரும்பங்கை இலையுதிர் காலத்தில் கொடுக்க வேண்டும். கோடையில் கொடுக்கும் உரம் களைக்குத்தான் போய்ச் சேரும். வழுக்கை விழுந்த இடங்களில் செப்டம்பரில் புல்விதை தூவ வேண்டும். அப்போது கிராப்கிராஸ் முளைப்பதில்லை, வசந்தத்து மருந்தின் வீரியமும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், குளிர் விரும்பும் புல்லுக்கோ அதுதான் உகந்த பருவம். விதைத்தவர் அந்த ஆண்டில் மட்டும் இலையுதிர் காலக் களைக்கொல்லியைத் தவிர்க்க வேண்டும்.

மூன்று நான்கு ஆண்டுகள் இப்படித் தொடர்ந்து கவனித்தால், புதிய விதை உதிராமல் விதைவங்கி கரையத் தொடங்கும். பிறகு முழுத் தரைக்கும் மருந்து போட வேண்டிய தேவை குறையும்; நடைபாதை ஓரம், தெற்குச் சரிவு, தேய்ந்த மூலை ஆகியவற்றுக்கு மட்டும் போட்டால் போதும். களைக்கொல்லியின் வேலை, புல் அடர்ந்து தன் இடத்தைத் தானே காத்துக்கொள்ளும்வரை அவகாசம் வாங்கித் தருவது. ஆண்டுக்கு ஆண்டு வாங்கும் மருந்தின் அளவு குறைந்துகொண்டே போனால், அந்த வீட்டுக்காரர் தன் மண்ணைச் சரியாகப் படித்திருக்கிறார் என்று பொருள்.